அரசு வங்கியில் ஓராண்டு அப்ரண்டிஸ் பயிற்சி: முடித்துவிட்டு எழுதுகிறேன், கேள்விகள் இருந்தால் கேளுங்கள்

காவிரிக்கரை

வணக்கம். அரசு வங்கி ஒன்றில் ஓராண்டு பட்டதாரி அப்ரண்டிஸ் பயிற்சியை 2025 கடைசியில் முடித்தேன். பி.காம் முடித்த கையோடு சேர்ந்தது. கூடவே எம்.காம் தொலைநிலையில் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கிடைத்தது தஞ்சை மாவட்டத்தில் ஒரு சிற்றூர்க் கிளை. குறைகளையும் எழுதப் போவதால் வங்கியின் பெயர் வேண்டாம்.

விண்ணப்பம் போடும் முன் இணையத்தில் நிறையத் தேடினேன். தேர்வுக்கு எப்படிப் படிப்பது, கட் ஆஃப் எவ்வளவு வரும் என்பதெல்லாம் கொட்டிக் கிடக்கிறது. உள்ளே போனபின் நாள் முழுக்க என்ன வேலை, யார் சொல்லித் தருவார்கள், வெளியே வரும்போது கையில் என்ன மிஞ்சும் என்று எழுதியவர்களைக் காணோம். அதனால்தான் இந்த இழை.

முதலில் அடிப்படை. இது 1961-ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வரும் பயிற்சி. அந்தச் சட்டத்தின் கண்ணில் நாம் பயிற்சி பெறுகிறவர்கள், தொழிலாளர்கள் கிடையாது. முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. சேரும்போது கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்திலேயே அது இருக்கும். ஆனாலும் "எப்படியும் நிரந்தரம் பண்ணிடுவாங்க" என்று கடைசி மாதம் வரை நம்பியிருந்தவர்கள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நிறையப் பேர். தயவுசெய்து அந்த நம்பிக்கையோடு சேர வேண்டாம்.

முதல் சில மாதம் என்னை உட்கார வைத்தது பாஸ்புக் என்ட்ரி போடும் மெஷின் பக்கத்தில். கணக்கு தொடங்கும் படிவம் நிரப்பித் தருவது, ஆதார் இணைப்பு, கேஒய்சி (அடையாள, முகவரி ஆவணம்) புதுப்பிப்பு, செல் நம்பர் மாற்றம், சாயங்காலம் வவுச்சர்களை அடுக்கிக் கட்டுவது, இவ்வளவுதான் வேலை. மாதம் 15-ஐ ஒட்டி மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஏறிவிட்டதா என்று பார்க்கப் பெண்கள் வருவார்கள். கிளையில் நிற்க இடம் இருக்காது. இதற்கா பட்டம் படித்தோம் என்று சோர்வு வரும். எனக்கும் வந்தது.

அந்த மெஷின் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜூலை மாதம் ஒருநாள் மறுபடி அங்கே உட்கார்ந்திருந்தபோது ஓர் அம்மா, இறந்துபோன கணவரின் கணக்கை மூட வந்தார். கணவர் கொத்தனார், மாரடைப்பு. கணக்கில் கிடந்தது சில நூறு ரூபாய். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு எடுத்தபோது, மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்திருந்தது தெரிந்தது. 436 என்றால் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டின் ஒரு வருடப் பிரீமியம். 18 முதல் 50 வயதுக்குள் சேரலாம், எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். அதற்குக் கீழேயே 20 ரூபாய், அது விபத்துக் காப்பீடு. அந்த அம்மாவுக்கு இரண்டுமே தெரியாது. கணக்கு தொடங்கிய காலத்தில் கணவரிடம் யாரோ கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அவரும் வீட்டில் சொல்லவில்லை.

கணக்கு மூடும் படிவத்தை அப்படியே வைத்துவிட்டு மேலாளர் சாரிடம் ஓடினேன். நாமினி அந்த அம்மாதான். கிளெய்ம் படிவம், இறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், அவருடைய கணக்கு விவரம் எல்லாம் சேர்த்து அன்றே அனுப்பச் சொன்னார். சில வாரத்தில் 2 லட்சம் அவர் கணக்கில் ஏறியது. கல்லூரியில் இந்தத் திட்டம் எங்களுக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி. பிரீமியம் எவ்வளவு, காப்பீடு எவ்வளவு என்று எழுதினால் போதும். அந்த எண்ணைப் பாஸ்புக்கில் பார்த்த மாத்திரத்தில் கை நிற்க வேண்டும் என்பதைக் கிளைதான் கற்றுத் தந்தது.

என் கருத்து இதுதான்: வேலைக்கான குறுக்கு வழியாக நினைத்தால் இந்த ஆண்டு ஏமாற்றும். பணம் மக்கள் கையில் எப்படிப் புழங்குகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற வாய்ப்பாக எடுத்துக்கொண்டால் வீண் போகாது. ஆனால் வங்கி தானாக அதைத் தந்துவிடாது, நாம்தான் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசி வருஷம் பி.காம்

அக்கா, ரொம்ப நன்றி. நான் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மூன்று கேள்வி. தேர்வு கஷ்டமா? உதவித்தொகை எவ்வளவு, வெளியூரில் தங்கினால் கட்டுப்படியாகுமா? இந்த அனுபவம் பின்னால் கிளார்க், பி.ஓ. (வங்கி அதிகாரி) தேர்வுக்கு உதவுமா? வீட்டில் "ஒரு வருஷம் சும்மா போகும், கோச்சிங் சேரு" என்கிறார்கள்.

காவிரிக்கரை

தேர்வு வங்கிக்கு வங்கி மாறும் தங்கச்சி. ஸ்டேட் வங்கி 2023-இல் 6,160 பேருக்கு அறிவித்தது, இந்தியன் வங்கி 2024-இல் 1,500 பேருக்கு. இரண்டிலும் ஆன்லைன் தேர்வு உண்டு: பொது அறிவும் நிதி அறிவும், ஆங்கிலம், கணக்கு, ரீசனிங். கிளார்க் தேர்வுக்குப் படிப்பவருக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. கனரா வங்கி 2024-இல் 3,000 பேரை எடுத்தபோது தேர்வே வைக்கவில்லை, பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசைதான். அதன்பின் மொழித் தேர்வு. பத்தாவதிலோ பிளஸ் டூவிலோ தமிழ் படித்திருந்தால் தமிழ்நாட்டுக் கிளைக்கு அதுவும் தேவைப்படாது.

உதவித்தொகை பெரும்பாலும் 15,000. சில வங்கிகளில் கிராமம், சிறு நகரம் என்றால் 12,000. படி, போனஸ் என்று வேறெதுவும் கிடையாது. சில வங்கிகளில் அந்த 15,000-இல் 4,500 மத்திய அரசின் பங்கு. அது தனியாக நேரடியாக நம் கணக்குக்கு வரும், சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகும். வீட்டிலிருந்தே போய் வந்தால் நன்றாகக் கட்டுப்படியாகும். சென்னையில் ஹாஸ்டல் வாடகை கொடுத்துச் செய்ய வேண்டுமென்றால் நான் யோசிப்பேன்.

தேர்வுக்கு உதவுமா என்றால், ஸ்டேட் வங்கி தன் பயிற்சியை முடித்தவர்களுக்கு ஜூனியர் அசோசியேட் (கிளார்க்) தேர்வில் சலுகை தருகிறது. அந்தந்த ஆண்டு அறிவிப்பில் அதைத் தேடிப் படி. மற்றபடி நேர்முகத் தேர்வில் உதவும். வாராக்கடன் என்றால் என்ன என்று கேட்டால் 90 நாள் தவணை கட்டாமல் நிற்கும் கடன் என்று எல்லோரும் சொல்வார்கள். 31-ஆம் நாளே கடன் வாங்கியவருக்குப் போன் போடுகிறார்கள், 61-ஆம் நாள் வீட்டுக்கே போகிறார்கள், ஏன் என்று கிளையில் இருந்து பார்த்தவர்தான் சொல்வார்.

பாதியில் இறங்கியவன்

எல்லோரும் பாராட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் வந்து மாற்றுக் கருத்துச் சொல்வதற்கு மன்னிக்கவும். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நானும் அப்ரண்டிஸாக இருந்தேன், கோவைப் பக்கம், வேறு வங்கி. ஆறாவது மாதம் விட்டுவிட்டேன். எனக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. காலையில் போனதும் ஏடிஎம் பக்கத்தில் நிற்க வேண்டும், வருகிறவர்களுக்குக் கார்டு போடக் கற்றுத் தர வேண்டும். மதியத்துக்கு மேல் பொது காப்பீடு, ஆயுள் காப்பீடு, கிரெடிட் கார்டு. தினமும் எண்ணிக்கை கேட்பார்கள். ஓய்வூதியம் எடுக்க வந்த ஒரு தாத்தாவிடம் டெபாசிட் மாதிரிதான் என்று சொல்லி ஐந்து வருடம் பிரீமியம் கட்ட வேண்டிய பாலிசியில் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள். நான் மறுத்தேன். அதன்பின் என்னைக் கிளையில் யாரும் மதிக்கவில்லை.

இதைப் பயிற்சி என்று எப்படிச் சொல்வது? கிளார்க்குகள் ஓய்வு பெறுகிறார்கள், அந்த இடத்துக்கு ஆள் எடுப்பதில்லை, 15,000 ரூபாய்க்குப் பட்டதாரி கிடைக்கிறான், அவனை உட்கார வை, வருடம் முடிந்ததும் அடுத்த ஆள். காவிரிக்கரை அவர்களுக்கு நல்ல மேலாளர் வாய்த்தார், அவ்வளவுதான். நம்மைப் போன்ற பிள்ளைகளுக்கு 22 வயதில் ஒரு வருடம் சாதாரண விஷயமா? அந்த ஆறு மாதத்தைத் தேர்வுக்குக் கொடுத்த என் நண்பன் இன்று கிளார்க்.

காவிரிக்கரை

நண்பரே, மன்னிப்பெல்லாம் எதற்கு? நீங்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்தத் தாத்தா விஷயத்தில் நீங்கள் மறுத்தது சரி, நூறு சதம் சரி. எங்கள் கிளையிலும் எண்ணிக்கை கேட்டார்கள். நல்ல மேலாளர் வாய்ப்பது அதிர்ஷ்டம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பயிற்சியின் தரம் ஒரு தனி மனிதரின் நல்ல மனதை நம்பி இருப்பதே இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை.

ஓய்வுபெற்ற கிளை மேலாளர்

பிள்ளைகளே, உங்கள் எல்லோருடைய பதிவையும் படித்தேன். நான் 1980-களில் எழுத்தராகச் சேர்ந்து மேலாளராக ஓய்வு பெற்றவன். என் காலத்தில் புதிதாக வந்தவனை முதல் வாரம் சேமிப்புக் கணக்கு லெட்ஜர் முன்னால் உட்கார வைப்பார்கள். இரவு பேலன்ஸ் டேலி ஆகும் வரை வீட்டுக்குப் போக முடியாது. பத்து பைசா இடித்தாலும் தேட வேண்டும். அந்தத் தேடலில்தான் வங்கிக் கணக்கு முறை முழுவதும் மண்டையில் ஏறியது. இப்போது கம்ப்யூட்டர் டேலி செய்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் வேறு வழியில் கற்க வேண்டியிருக்கிறது, அந்த வழியை வங்கிகள் இன்னும் சரியாகப் போடவில்லை.

என் கடைசி வருடங்களில் என் கிளைக்கும் அப்ரண்டிஸ்கள் வந்தார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மேசை மாற்றுவேன். கணக்கு தொடங்குதல், காசோலை கிளியரிங், நகைக்கடன், விவசாயக் கடனும் மகளிர் குழுக் கடனும், கடைசியில் வசூல். கேஷ் கவுன்டருக்குள் மட்டும் விடமாட்டேன், பின்னால் நின்று பார்க்கலாம். வேலை கொஞ்சம் தாமதமாகும்தான். ஆனாலும் வருடக் கடைசியில் அந்தப் பிள்ளைகள் ஒரு கடன் கோப்பைப் பிரித்துப் பார்த்து என்ன குறைகிறது என்று சொல்வார்கள். உங்கள் மேலாளர் இப்படிச் செய்யவில்லை என்றால் நீங்களே போய்க் கேளுங்கள். "சார், அடுத்த மாதம் லோன் செக்‌ஷனில் உட்காரட்டுமா?" இந்தக் கேள்விக்கு எந்த மேலாளரும் கோபப்படமாட்டார்.

இன்னொன்று மிக முக்கியம். வங்கியில் எந்தப் பரிவர்த்தனையையும் ஒருவர் பதிவார், இன்னொருவர் சரிபார்த்து அனுமதிப்பார். பெட்டகச் சாவியும் இரண்டு பேரிடம். இந்த இரட்டைக் கைமுறையில்தான் மொத்த நம்பிக்கையும் நிற்கிறது. கூட்டம் அதிகமான நாளில் யாராவது "என் ஐடியில் நீயே போட்டுடும்மா" என்று பாஸ்வேர்டு சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். தொடவே தொடாதீர்கள். நாளை ஒரு பணம் தவறாகப் போனால், விசாரணையில் முதலில் கேட்கப்படும் கேள்வி விசைப்பலகையில் யார் கை இருந்தது என்பதுதான். நிரந்தர ஊழியருக்கு சங்கம் இருக்கிறது. பயிலுநருக்கு யார் இருக்கிறார்கள்?

பாதியில் இறங்கிய தம்பிக்கு: ஏமாற்றி விற்ற பாலிசி பற்றி வாடிக்கையாளர் முதலில் வங்கியில் எழுத்துமூலம் புகார் தர வேண்டும். 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணம் கிடையாது. இதைத் தெரிந்த பிள்ளை ஒரு கிளையில் இருந்தாலே பல தாத்தாக்கள் தப்புவார்கள்.

காவிரிக்கரை

ஐயா, பாஸ்வேர்டு விஷயத்தை நீங்கள் எழுதியதற்கு நன்றி. எங்கள் கிளையிலும் ஒருமுறை அந்தப் பேச்சு வந்தது. "எனக்கு அனுமதி இல்லை அக்கா, நான் படிவத்தை நிரப்பி வரிசையாக அடுக்கித் தருகிறேன், நீங்கள் போட்டுவிடுங்கள்" என்றேன். வேலையும் வேகமாக நடந்தது, மனக்கசப்பும் வரவில்லை. புதிதாகச் சேர்கிறவர்கள் இந்த மாதிரி ஒரு பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேசை மாற்றம் பற்றிச் சொன்னீர்கள். எனக்கு வருடத்தின் பாதிக்கு மேல் கிடைத்தது நகைக்கடன் மேசை. டெல்டாவில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரில் தண்ணீர் திறந்தால் அந்த வாரமே கிளையில் நகை குவியும். குறுவைக்கு உழவு, விதை, உரம், ஆள்கூலி எல்லாம் கழுத்துச் சங்கிலியிலிருந்துதான் வருகிறது.

நகை மதிப்பீட்டாளர் வங்கி ஊழியர் இல்லை என்பதே எனக்கு அங்கே போய்த்தான் தெரியும். மதிப்பிடும் நகைக்குக் கமிஷன் அவருக்கு. உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, ஆசிட் சொட்டு விட்டு, நிறம் மங்குகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஹால்மார்க் 916 முத்திரை இருந்தாலும் உரைக்காமல் விடமாட்டார். கல், மெழுகு, நூல் எடையைக் கழித்து நிகர எடை சொல்வார், நான் எழுதுவேன். அட்டிகைக்குள் மெழுகு அதிகம் என்று அவர் கழித்துச் சொல்லும்போது நகை கொண்டுவந்தவரின் முகம் சுருங்கும். கடையில் அந்த எடைக்கும் சேர்த்துத்தானே பணம் கொடுத்திருப்பார்கள்! அப்புறம் பையில் போட்டு, அரக்கு வைத்து, இரண்டு அதிகாரிகள் சேர்ந்து உள்ளே வைப்பார்கள்.

இந்த மேசையில் எனக்கு மனம் மிகவும் கஷ்டப்பட்ட விஷயம், மாற்றி வைப்பது. ஒரு வருடம் முடிந்த கடனைப் புதுப்பிக்க வட்டியோடு அசலையும் கட்டித் திருப்ப வேண்டியிருந்தது, அதன்பின்தான் மறுபடி வைக்க முடிந்தது. கையில் அசல் இருந்தால் அவர்கள் ஏன் மறுபடி வைக்கப் போகிறார்கள்? அதனால் வெளியே ஒருவரிடம் அரை நாளைக்குப் பணம் வாங்கி, கட்டி, திருப்பி, மறுபடி வைத்து, அந்தப் பணத்தை வட்டியோடு அவர் கையில் கொடுப்பார்கள். அந்த அரை நாள் வட்டிக்கே ஒரு மூட்டை உரம் வாங்கலாம். இதற்காகவே கிளைக்கு வெளியே காத்திருந்த ஆட்களும் உண்டு.

ஏன் இப்படி என்று நகைக்கடன் அதிகாரியிடம் கேட்டேன். வட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு புதுப்பித்துக்கொண்டே போனால், திரும்ப வராத கடனும் நல்ல கடனாகவே கணக்கில் தெரியும், அதைத் தடுக்கத்தான் என்றார். 2024 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி நகைக்கடன் குறைபாடுகளைச் சுட்டிக்காட்டி எழுதியதில் இதுவும் ஒன்று. காரணம் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தின் செலவு முழுவதும் நகை வைக்கும் பெண்கள் தலையில். 2025 ஜூனில் வந்த புதிய விதிகளில் கடன் ஒழுங்காக இருந்து, சேர்ந்த வட்டியைக் கட்டினால் புதுப்பிக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டரை லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம் கடன் தரலாம் என்றும் இருக்கிறது, முன்பு 75. எல்லோரும் அமல்படுத்த 2026 ஏப்ரல் 1 கெடு. நான் வெளியே வந்தபின்னான மாற்றம் இது. கிளையில் இருந்து பார்க்கக் கிடைக்காதது எனக்கு வருத்தம்தான்.

மூன்றாம் கவுன்டர்

நான் இப்போது பணியில் இருக்கும் கிளார்க். பாதியில் இறங்கிய தம்பி சொன்னதை எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஆள் பற்றாக்குறை உண்மை. 2025 மார்ச் 24, 25 தேதிகளில் வங்கிச் சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்துப் பின் தள்ளிவைத்தார்களே, அதில் வாரம் ஐந்து நாள் வேலையோடு சேர்ந்த முக்கியக் கோரிக்கை எல்லா நிலையிலும் போதிய ஆள் சேர்ப்பு என்பதுதான். அப்ரண்டிஸ் பிள்ளைகள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. நிரந்தர இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு அவர்களை வைத்து ஓட்டுவதுதான் தப்பு.

சொல்லித் தருவதில்லை என்ற குறைக்கும் காரணம் இருக்கிறது. முன்னால் டோக்கன் வரிசை நிற்கும்போது பக்கத்தில் இருப்பவருக்கு விளக்க வாய் வராது. நான்கு மணிக்கு மேல் கேளுங்கள். கேஷ் முடித்த பிறகு எங்களுக்கும் பேச ஆள் வேண்டும்.

பாதியில் இறங்கியவன்

அண்ணா, நீங்கள் சொல்வது புரிகிறது. என் கிளையில் நான்கு மணிக்கு மேல் வசூல் போன்கால் போட வைத்தார்கள். ஆனாலும் கேட்டிருக்கலாம் என்று நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. என் கோரிக்கை ஒன்றுதான். இந்தந்த மாதத்தில் இந்தந்தப் பிரிவு என்று ஓர் அட்டவணை போட்டு, அதைப் பயிலுநர் கையில் முதல் நாளே கொடுக்க வேண்டும். நடக்கவில்லை என்றால் யாரிடம் சொல்வது என்று ஒரு போன் நம்பரும் வேண்டும். ஐயா மாதிரி ஒருவர் கிடைத்தால்தான் படிப்பு என்று இருக்கக் கூடாது.

ஓய்வுபெற்ற கிளை மேலாளர்

தம்பி, இதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். அதிகாரிகளுக்கு வைக்கிற மாதிரி பயிற்சிக் குறிப்பேடு ஒன்று வைத்து, ஒவ்வொரு பிரிவும் முடிந்ததும் கையெழுத்து வாங்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

மகளின் அப்பா

வணக்கம். என் மகள் பி.ஏ. பொருளாதாரம் முடித்திருக்கிறாள். வங்கியில்தான் வேலை என்று ஒரே பிடிவாதம். இரண்டு சந்தேகம். பெண் பிள்ளையைத் தூரமான கிளைக்குப் போட்டுவிடுவார்களா? பிரதமர் இன்டர்ன்ஷிப் என்று ஒன்று சொல்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா? எனக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது, தப்பாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

காவிரிக்கரை

தப்பே இல்லை அப்பா. எந்தப் பட்டமானாலும் விண்ணப்பிக்கலாம், பி.காம்தான் வேண்டும் என்று இல்லை. பொதுவாக 20 முதல் 28 வயது, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு வயதுத் தளர்வு உண்டு. ஒரு மாநிலத்துக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். சில வங்கிகளில் மாவட்ட விருப்பமும் கேட்பார்கள். என்னுடன் தேர்வானவர்களில் பலருக்குச் சொந்த மாவட்டமே கிடைத்தது, சிலருக்குப் பக்கத்து மாவட்டம். ஆணை வந்ததும் கிளைக்கு ஒருமுறை நீங்களும் கூடப் போய்ப் பேருந்து நேரம் பார்த்துவிடுங்கள். சாதாரண நாளில் ஐந்து, ஐந்தரைக்குக் கிளம்பலாம். மார்ச் கடைசி வாரம் மட்டும் நேரமாகும், அப்போது முன்கூட்டியே சொல்லிவிட்டால் அனுப்பிவிடுவார்கள். எங்கள் கிளையில் அப்படித்தான்.

பிரதமர் இன்டர்ன்ஷிப் வேறு திட்டம். 2024 அக்டோபரில் தொடங்கியது. அப்போது அறிவித்தபடி அதுவும் 12 மாதம், ஆனால் பெரிய நிறுவனங்களில். மாதம் 5,000 ரூபாய், சேரும்போது ஒருமுறை 6,000 என்று இருந்தது. வயது 21 முதல் 24, குடும்ப வருமான வரம்பும் வைத்திருந்தார்கள். அது அப்ரண்டிஸ் சட்டத்தில் வராது. வங்கிதான் குறி என்றால் அரசு வங்கி அப்ரண்டிஸே மேல் என்பது என் எண்ணம்.

ஒன்று மட்டும் மகளிடம் சொல்லுங்கள். அப்ரண்டிஸ் பயிற்சி ஒருமுறைதான். ஒரு வங்கியில் முடித்தவரோ, ஓராண்டு வேலை அனுபவம் உள்ளவரோ மறுபடி வேறு வங்கியில் சேர முடியாது. பாதியில் விட்டால் சான்றிதழும் இல்லை. அதனால் கிடைத்த முதல் இடத்தில் அவசரப்பட்டுச் சேராமல், ஊர், தொகை, தேர்வு நேரம் எல்லாம் யோசித்துச் சேரட்டும்.

கடைசி வருஷம் பி.காம்

அக்கா, இன்னும் ஒன்று. பயிற்சியோடு ஐபிபிஎஸ் தேர்வுக்கு (அரசு வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் பொதுத் தேர்வு) படிக்க முடிந்ததா? உண்மையைச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை

முடிந்தது, ஆனால் முழுநேரமாகப் படிப்பவர் அளவுக்கு முடியவில்லை. காலை ஐந்து முதல் ஏழு வரை கணக்கும் ரீசனிங்கும். இரவு உடம்பு ஒத்துழைக்காது, அப்போது பாடம் வேண்டாம். நிதி அறிவுப் பகுதிக்குத் தனியாகப் படிக்கவே இல்லை. நாள் முழுக்க அதிலேயே இருந்ததால் தானாக வந்தது. ஏப்ரலில், வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று கொடுக்கும் 15ஜி, 15எச் படிவம் வாங்கும்போது மூத்த குடிமக்களுக்கு டெபாசிட் வட்டி ஒரு லட்சம் வரை வரிப் பிடித்தம் இல்லை என்ற 2025 மாற்றம் மனதில் பதிந்தது. கிசான் கிரெடிட் கார்டு கோப்பு பார்த்தபோது, 3 லட்சம் வரை 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம் என்பது பதிந்தது. நவம்பரில் ஓய்வூதியர்களின் வாழ்நாள் சான்றிதழ். கைரேகை பதியாத பாட்டிகளுக்கு முக அடையாள வழியில் போட்டுக் கொடுத்தேன். இதெல்லாம் மறக்காது.

கோச்சிங்கா, பயிற்சியா என்று வீட்டில் கேட்டால் இப்படிச் சொல்: முதன்மைத் தேர்வு வரை ஏற்கனவே போய் ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் விட்டவர்கள் முழுநேரமாகப் படிப்பதே நல்லது. இப்போதுதான் தொடங்குகிறாய், வீட்டிலிருந்து போய் வரும் தூரம், மாதம் 15,000 வீட்டுக்கும் உதவும் என்றால் பயிற்சியில் சேர். பாதியில் இறங்கிய நண்பர் சொன்ன மாதிரி சொல்லித் தராத கிளை வாய்த்தால், இரண்டாவது மாதமே மேலாளரிடம் வாய்விட்டுக் கேள். அப்போதும் மாறவில்லை என்றால் பிராந்திய அலுவலகத்தில் பயிலுநர் விவகாரம் பார்க்கும் அதிகாரிக்கு மின்னஞ்சல் போடு. எங்கள் குழுவில் ஒருவர் அப்படிப் போட்டுக் கடன் பிரிவுக்கு மாறினார்.

கடைசி வருஷம் பி.காம்

சரி அக்கா. எனக்குப் பக்கத்து ஊரில் மூன்று வங்கிக் கிளை இருக்கிறது. முடிவு வந்ததும் விண்ணப்பிக்கிறேன். இப்போதே செய்து வைக்க வேண்டியது ஏதாவது உண்டா?

காவிரிக்கரை

உண்டு. நேட்ஸ் தளத்தில் (மத்திய அரசின் அப்ரண்டிஸ் பதிவுத் தளம்) பதிவு செய்து பதிவெண் வாங்கி வைத்துக்கொள். பல வங்கிகளில் அது இல்லாமல் விண்ணப்பம் நகராது, கடைசி நாளில் தளம் தொங்கும். ஆதாரிலும் பத்தாவது மதிப்பெண் பட்டியலிலும் பெயர், இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார். சரிபார்ப்பு நாளில் எங்கள் முன்னாலேயே இதனால் இரண்டு பேர் திரும்பிப் போனார்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அரசுப் பங்கு வராது. பட்டம் எந்தத் தேதிக்குள் முடிந்திருக்க வேண்டும் என்று ஒவ்வோர் அறிவிப்பிலும் இருக்கும், முதலில் அதைப் படி. சாதிச் சான்றிதழ் ஓபிசி என்றால் மத்திய அரசுப் படிவத்தில், அந்த நிதியாண்டுக்கு உரியதாக இருக்க வேண்டும். தாலுகா அலுவலகத்தில் அதற்கு நாளாகும், அதனால் இப்போதே இ-சேவையில் போட்டுவிடு.

வேறு கேள்வி வந்தால் ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் பதில் போடுகிறேன். எம்.காம் தேர்வு நடக்கிறது, நடுவில் பதில் வராவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.